படத்துக்குக் கீழே இருந்த வருடம்

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்சாவின் கை, படத்தில் இருந்த கையின் மேல் வந்ததும் நின்றுவிட்டது.

அந்தக் கையில் காந்திமதி என்று தமிழில் பச்சை குத்தியிருந்தது.

அது அவள் அம்மாவின் பெயர்.

இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில் அவள் துப்புரவு வேலை செய்யும் மண்டபத்தில் அன்று மாலை கண்காட்சி. நூற்றைம்பது வருடமாகக் காசிக்கு வந்துபோன வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்கள். படித்துறை, படகு, எரியும் சிதை என்று காலையிலிருந்து எத்தனையோ காசியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

இந்தப் படத்தில் ஒருவர் படியில் உட்கார்ந்து, மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு சிரித்தார். இடது காது மடல் பாதி இல்லை. மாடு முட்டிக் கிழிந்த காது.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது கோபித்துக்கொண்டு போன அப்பா. அப்போது அவருக்கு முப்பத்தைந்து.

கீழே 'காசி, 2003' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்சா அந்த எண்ணை மறுபடி துணியால் துடைத்துப் பார்த்தாள்.

அவள் கல்யாணம் எண்பத்தெட்டில். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதே, இனி இறந்ததாகத்தான் கணக்கு என்று, தர்ப்பைப் புல்லில் அப்பாவைச் செய்து ஒலக்கூர் சுடுகாட்டில் எரித்தார்கள். அம்மா தாலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள்.

உயிரோடு இருந்தவரைத்தான் எரித்திருக்கிறார்கள். அதுவும் அவளுக்காக.

அம்மாவிடம் மறைக்க மனசு வரவில்லை. வருடத்தைச் சொல்லவும் தைரியம் இல்லை. கீழே இருந்த எழுத்து விழாமல் படத்தை மட்டும் கைபேசியில் எடுத்துக்கொண்டாள். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

ஒலக்கூரில் அம்மா கைபேசியை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். பச்சை குத்திய பெயரை விரலால் தடவினாள். படம் நகர்ந்துவிட்டது. அம்சா சரிசெய்து கொடுத்தாள். மறுபடி தடவினாள்.

எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று எதுவும் கேட்கவில்லை.

"பல்லெல்லாம் போயி, கெழவனாயிட்டாரு," என்றாள்.

அம்சா வருடத்தைத்தான் வெட்டியிருந்தாள்.

அம்மாவின் மோதிர விரல் வெறும் நெற்றிப் பக்கம் போய், தொடாமலே இறங்கியது. கைபேசியை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத ஒங்க வூட்ல யாருக்கும் காட்டிக்கினு இருக்காத, அம்சா."