உறை பிரிக்காத முதல் இதழ்
ஞாயிறு மதிய வெயில் ஜன்னல் வழியே மேஜைக்கு வருகிறது. பல் டாக்டர் பதறி எழுந்து திரைச்சீலையை இழுத்து விடுகிறார். வெயில் பட்டால் காமிக்ஸ் அட்டையின் சிவப்பு வெளுத்துவிடும். பிறகு கையைக் கழுவித் துடைத்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் மைத்துனனின் போனை வாங்குகிறார். அதில் முகமூடி போட்ட ஒரு பூனை இருக்கிறது. "டிஜிட்டல் டோக்கன் மாமா, காசு குடுத்து ஆன்லைன்ல வாங்கின படம். உலகத்துலயே ஒண்ணுதான். என் பேர்ல இருக்கு" என்கிறான் மைத்துனன். இருபது வருடமாக டாக்டருடன் சேர்ந்து காமிக்ஸ் சேகரிக்கும் பஸ் டிரைவர், பழைய இதழ்களை முகரும் பழக்க தோஷத்தில் போனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வருகிறது. டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பூனையின் ஓரங்களில் மடிப்பு தேடுகிறார். "இந்தப் படத்த என் போன்லயும் இறக்கிக்கலாமா?" "தாராளமா, மாமா." "அப்ப உன்கிட்ட என்னதான்டா இருக்கு?" டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் தெம்பில் டாக்டர் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் முதல் இதழை இரண்டு கையாலும் ஏந்தி வருகிறார். எவர் பல்லிடமும் அவர் இவ்வளவு மென்மை காட்டியதில்லை. "இதப் பாரு. இதுதான் பொருள். வாங்கிப் பதினோரு வருஷமாச்சு, இன்னும் உறையைப் பிரிக்கல." மைத்துனன் குனிந்து பார்க்கிறான். "பிரிக்காம எப்படி மாமா படிச்சீங்க?" டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேஜைமேல் இல்லாத தூசியைத் தட்டுகிறார். டாக்டர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுகிறார். "போன்லதான்" என்கிறார்.