இருபதாவது பல்

"அது பொய்ப்பல் ஒட்டுற பசை, தாத்தா. உங்க பல்லெல்லாம் சொந்தப் பல்லாச்சே."

மருந்துக்கடை மிசுஹோ டியூபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜென்சோ ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொந்தப் பல்லுதான். அதுல ஒண்ணு ஆடுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னா போதும்."

ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் பல் எண்ணுகிறார்கள். எண்பது வயதில் இருபது பல் வைத்திருப்பவர்களுக்கு மேடையில் சான்றிதழ். ஜென்சோவுக்குச் சரியாக இருபது, ஆடுவதையும் சேர்த்து.

"சான்றிதழ் வராட்டி என்ன போச்சு?"

"சான்றிதழ் கிடக்கட்டும்மா. தோமியேகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். தோத்தவங்கதான் சாகுற வரைக்கும் குப்பை போடணும்."

மிசுஹோவுக்குப் புரிந்தது. குப்பை நாளில், பனி கொட்டினாலும், எட்டு மணிக்குள் பை தெருமுனைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியாது. ஜென்சோவும் மனைவி தோமியேவும் பள்ளியில் ஒரே வகுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பை யாருடையது என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

"பாட்டிக்குத் தெரியுமா, பல்லு ஆடுறது?"

"தெரிஞ்சா விடுவாளா? இப்பவே, 'ஜென்சோ, பனியில வழுக்காத செருப்பா ஒண்ணு வாங்கி வச்சுக்கோ'ங்கறா. அவளுக்கும் இருபது. எல்லாம் கருங்கல்லு. ஆனா ஒண்ணு, வாய்தான் அப்படி, மனசு தங்கம். ஒரு வாரமா முள்ளங்கி ஊறுகாயைப் பொடிப்பொடியா நறுக்கித்தான் வைக்கிறா. வயசானவனாச்சேன்னு என் மேல ஒரு கரிசனம்."

மிசுஹோ குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த மாத்திரைப் பெட்டிகளை மறுபடி அடுக்கினாள். நிமிர்ந்தபோது முகம் சரியாகியிருந்தது.

"வாய் காயுதா, தாத்தா?"

"ராத்திரியில நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது."

"நீங்க சாப்பிடுற மாத்திரையால இருக்கலாம். உங்க டாக்டர்கிட்ட நான் கேக்கறேன், நீங்களா நிறுத்திடாதீங்க. எச்சில் குறைஞ்சா பல்லு சொத்தையாகும், ஈறும் கெடும். அடிக்கடி ஒரு வாய் தண்ணி குடிங்க. ஆடுற பல்லுல பசையைப் போட்டு மறைச்சீங்கன்னா உள்ளுக்குள்ள சீழ் வச்சு, பக்கத்துப் பல்லையும் கூட்டிட்டுப் போயிடும். அப்புறம் பத்தொன்பது இல்ல, பதினெட்டு."

ஜென்சோ சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"பல் டாக்டர்கிட்ட போனா பிடுங்கிடுவாரே" என்றார், பிறகு.

"ஆடுற பல்லையெல்லாம் பிடுங்க மாட்டாங்க. பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டி நிறுத்தவும் வழி இருக்கு. ஆனா இப்பவே போகணும்."

"தோமியே காதுக்குப் போகக் கூடாது."

"இந்தக் கடையில யார் சொன்ன ரகசியமும் வெளியில போகாது." மிசுஹோ தொலைபேசியை எடுத்தாள். "ஹோரிகாவான்னு பேர். ஆமா, அதே பத்து மணிக்கே போட்டுடுங்க." வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில. குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எழுந்து போயிடுங்க, அவ்வளவுதான்."

மறுநாள் சதுரங்கம் ஆடப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, தோமியே முன்னமே கிளம்பிவிட்டாள். அதிர்ஷ்டம்தான்.

மகரந்தம் பறக்கும் மாதம். ஊரே முகமூடியில் இருந்தது. ஜென்சோவும் ஒன்றை மாட்டி, மகன் விட்டுப்போன தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டு, பல் மருத்துவமனை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுமுனையில் யாரோ கண்வரை முகமூடியும் தலையைச் சுற்றிச் சால்வையுமாக, விரித்த பத்திரிகைக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தார்கள். பாவம், மகரந்தம் இவருக்கு ரொம்பத்தான் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தார்.

"ஹோரிகாவா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

ஜென்சோ எழுந்தார்.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த முகமூடியும் எழுந்தது.