வக்கீல் தோற்ற வழக்கு

“போதும்மா உன் தவம். பெட்டியை எடு, வீட்டுக்குப் போகலாம்.”

மடத்தின் பார்வையாளர் அறையில் போட்டிருந்த நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, வக்கீல் ஆரம்பித்துவிட்டார். துவைக்கிற இடத்திலிருந்து அவசரமாக வந்த சிஸ்டர், ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“முதல்ல உட்காருப்பா. தண்ணி குடி.”

“எனக்குத் தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விரதம் இருந்து மயங்கி விழுந்தியாமே? என் காதுக்கு வராதுன்னு நினைச்சியா?”

“விரதத்தால இல்லப்பா. வெயில்ல துணி காயப்போட்டேன், தலை சுத்திடுச்சு. கொஞ்ச நேரத்துல எழுந்து நடமாடிட்டேன்.”

“கையைக் காட்டு.”

வக்கீல் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சோப்பு நீரில் ஊறி வெடித்திருந்தது.

“வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவ விட்டிருப்பேனா உன்னை? இங்க யார் யாரோட படுக்கை விரிப்பையோ துவைச்சுக்கிட்டு... உனக்கு என்னம்மா குறை வச்சேன் நான்?”

“ஒரு குறையும் வைக்கலப்பா. அதனாலதான் நிம்மதியா வர முடிஞ்சது.”

கோர்ட்டில் எதிராளியின் வாயை அடைப்பதில் வக்கீலுக்கு நல்ல பேர். இந்த ஒரு வாயிடம் மட்டும் அவர் ஜம்பம் என்றைக்குமே பலித்ததில்லை.

“ஆளாளுக்குக் கேட்கறாங்க. வீட்டுல அப்படி என்ன கொடுமை பண்ணீங்கன்னு கேட்கறாங்க. இந்த வயசுல துறவறம் என்னத்துக்குன்னு கேட்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

“கூப்பிட்டவரு என் வயசைப் பார்க்கலைன்னு சொல்லு.”

“வெளியில பாரு, கார்ல ஒருத்தி உட்கார்ந்து அழுதுட்டிருக்கா. உன்னை இந்தக் கோலத்துல பார்க்கத் தெம்பில்லைன்னு உள்ளேயே வரல. வீட்டுல சின்னவ தினமும் உன் கட்டில்லதான் படுத்துக்கறா. உன் தலையணையை யாரையும் தொட விடறதில்ல.”

சிஸ்டரின் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடம் கிடைத்துவிட்டது என்று வக்கீல் தெரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். “ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் முழுக்க வீட்டிலேயே விரதம் இரு. ஜெபம் பண்ணு. தினமும் பூசைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஆண்டவர் நம்ம வீட்டுக்கு வரமாட்டேன்னா சொல்றாரு?”

சிஸ்டர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? இந்தத் தவக்காலம் ஆரம்பிச்ச வாரமே நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். பெட்டியைக் கட்டிட்டு, மதர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

வக்கீல் நிமிர்ந்தார். “என்னது?”

“இங்க நாங்க பார்த்துக்கற நோயாளிகள்ல, பக்கவாதத்துல விழுந்த ஒரு அம்மா இருக்காங்க. கஞ்சி ஊட்டப் போனா மூஞ்சியிலேயே துப்புவாங்க. அன்னிக்குக் கிண்ணத்தையும் தட்டி விட்டுட்டாங்க. உடுப்பெல்லாம் கஞ்சி. ராணி மாதிரி இருந்த எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்துன்னு குளியலறைக்குள்ள போய் ஓன்னு அழுதேன். சரி, போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வேளை ஊட்டிட்டுப் போகலாம்னு போனேன். அன்னிக்குன்னு பார்த்து ஒரு வாய் விடாம சாப்பிட்டாங்க. வாயைத் துடைச்சு விட்டு எழுந்தா, என் உடுப்பைப் பிடிச்சுக்கிட்டு விடல. வாய் குளறிக் குளறி, ‘நாளைக்கும் நீதானே வருவே?’ன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“வருவேன்னேன். வந்து பெட்டியை அவிழ்த்துட்டேன்.”

“அப்புறம் துப்பறதை விட்டுட்டாங்களாக்கும்.”

“எங்கே விட்டாங்க? நேத்துகூடத் துப்பினாங்க. எனக்குத்தான் இப்ப அழுகை வரமாட்டேங்குது.” சிஸ்டர் மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பில் தயக்கம் துளியும் இல்லை. “இது என் இடம்ப்பா. நல்லாத் தெரிஞ்சு போச்சு.”

“அப்போ சின்னவளுக்கு யார் இருக்கா?”

“நீங்க எல்லாரும் இருக்கீங்களே. அந்த அம்மாவுக்குத்தான் யாருமில்ல. ஞாயித்துக்கிழமை சின்னவளை இங்க கூட்டிட்டு வா. அவகிட்ட நான் பேசிக்கறேன்.”

வக்கீல் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மடத்தின் தலைவியான மதர் உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“சார், ஈஸ்டர் முடிஞ்சதும் இவங்க துறவற வார்த்தைப்பாடு கொடுக்கறாங்க. பெத்தவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பீடத்துக்கிட்ட விடறதுதான் வழக்கம். உங்ககிட்ட இதை எப்படிக் கேட்கறதுன்னுதான்...”

வக்கீல் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நான் கூட்டிட்டு வரேன் மதர். பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னிக்கு அழுது புரண்ட என்னை, ‘பயப்படாம உள்ளே போடா, நான் வெளியிலதான் நிற்பேன்’னு சொல்லிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டவங்க எங்கம்மா” என்றவர், வெள்ளை முக்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த சிஸ்டரின் நரைமுடியை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். “இப்ப நான் வெளியில நிற்கறேன்மா. நீ உள்ளே போ.”