துணிக்கொடி வரை

விவாகரத்தானவர்களுக்குச் சக்கரம் வைத்த வீடுதான் கொடுத்தார்கள். குழந்தை அப்பாவைத் தேடி ஏங்கினால், கோர்ட்டு அதன் கையில் மாட்டிய பட்டை அப்பாவின் வீட்டைப் பத்தடி கிட்டே நகர்த்தும்.

குமரகுருவின் வீடு கார்த்தியாயினியின் துணிக்கொடி வரை வந்துவிட்டது.

"பிள்ளைய அழ விடுறியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"அவ சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா. உங்க வீட்டுக்குத்தான் கோளாறு."

"ஒன்பதுலேருந்து நாலு வரைக்குந்தான் நகருது. அப்ப இவ ஸ்கூல்லல்ல இருப்பா?"

புத்தகப் பையோடு கிளம்பி நின்ற மகள் செண்பகம் குறுக்கே புகுந்தாள். "ஸ்கூல்ல பட்டை கட்டக் கூடாதுப்பா. கழட்டி வச்சா கத்தும். அதான் தினமும் அம்மா கையில மாட்டிட்டுப் போறேன். இன்னிக்கும் மாட்டியாச்சு."

கார்த்தியாயினி அவசரமாகக் கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள்.

குமரகுருவின் வீடு மெல்ல உருண்டு வந்து துணிக்கொடியை அறுத்தது.