வேளைக்கு மூணு கரண்டி

"அப்பா, ஸ்பிரிட் குடிச்சா கிருமிக்குப் போதை ஏறுமா?"

ஏழு வயது மஹ்லகா இப்படிக் கேட்டதும் ஹாஜி ஹெஷ்மத்துக்கு முகக்கவசத்துக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்பா யாதுல்லா சொன்ன பதிலில் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியது.

"போதை ஏறாதும்மா, செத்தே போயிடும். ஹாஜி, கை துடைக்கிற ஸ்பிரிட் ஒரு பாட்டில் கொடுங்க. குடிக்கத்தான். வேளைக்கு மூணு கரண்டி, எனக்கும் இவளுக்கும்."

ஷிராஸ் நகரத்தின் அந்தப் பழைய தெருவில் ஹெஷ்மத்தின் நாட்டு மருந்துக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. யாதுல்லா மூன்றாவது வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன். வந்த வாரமே கொரோனாவும் வந்து ஊர் அடைபட்டது. அவன் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிக்கக்கூட யாருக்கும் வாய்க்கவில்லை.

"யார் சொன்னது குடிக்கச் சொல்லி?"

"போன்ல வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டராம், அவர் குரல்லயே பேசியிருக்கார். உள்ளே போய் நுரையீரலைக் கழுவி விட்டுடுமாம்."

"அந்த டாக்டருக்குப் பேர் இருக்கா?"

"பேரைச் சொன்னா வேலை போயிடும்னு சொல்லலை."

"நல்ல டாக்டர்! தம்பி, அது விஷம். உனக்குக் கண்ணு போகும். பிள்ளைக்கு உயிரே போகும். நான் சொல்றதைக் கேளு."

யாதுல்லா மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். பிறகு மெல்லிய குரலில் பேசினான்.

"போன வாரம் என் தம்பியை அடக்கம் பண்ணாங்க, ஹாஜி. இருபது அடி தள்ளி நின்னு பார்த்தேன். ஒரு பிடி மண்ணு போட விடலை. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான். நீங்க தரலேன்னா பரவாயில்லை, சந்து முனையில ஒருத்தன் தர்றான்."

சந்து முனைக்காரனை ஹெஷ்மத்துக்குத் தெரியும். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

"இரு, வர்றேன்" என்று பின்னறைக்குப் போனார்.

அங்கே ஒரு மூலையில் ஸ்பிரிட் டப்பா. அதன் பக்கத்தில், உடம்புச் சூட்டுக்கு ஜனங்கள் வாங்கிக் குடிக்கும் காசினிக் கீரை வடிநீர், வரிசையாகப் பெரிய ஜாடிகளில். லேசான கசப்பு, ஒரு கெடுதலும் செய்யாது. ஹெஷ்மத் ஒரு காலி பாட்டிலை எடுத்தார். "இறைவா, ஒரு பொய் சொல்லப் போறேன். மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு, பாட்டிலில் காசினி நீரை நிரப்பினார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து பாட்டிலின் கழுத்தைச் சுற்றித் துடைத்தார். நெடி குப்பென்று அடித்தது.

யாதுல்லா மூடியைத் திறந்தான். முகக்கவசத்தை இறக்கிவிட்டு முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தான். 

"நல்ல சரக்கு, ஹாஜி" என்றான் நிதானமாக.

பாவம், கொரோனாவுல இவனுக்கும் மூக்குல மோப்பம் போயிடுச்சு போல, என்று நினைத்துக்கொண்டார் ஹெஷ்மத்.

"இதுக்குப் பத்தியம் உண்டு. வீட்டை விட்டு இறங்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவணும். மீறினா மருந்து வேலை செய்யாது."

"ஸ்பிரிட்டுக்குக்கூடவா பத்தியம்?" என்றாள் மஹ்லகா.

"என் கடை ஸ்பிரிட்டுக்கு உண்டு."

இரண்டு நாள் கழித்து ஹெஷ்மத் கடையைத் திறந்தபோது வாசலில் ஆறு பேர் இடைவெளி விட்டு நின்றார்கள். முதலில் நின்றவள் எதிர்வீட்டு தூபா.

"எனக்கு அந்த ஸ்பிரிட் மருந்து, ஹாஜி. மூணாம் வீட்டுக்காரர் குரூப்ல போட்டிருக்கார். சந்துல விக்கிறது கண்ணை அவிச்சுடுமாம், உங்க கடை சரக்குதான் அசலாம். பத்தியத்தோட குடிக்கணும்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கார்."

"இல்லைன்னு சொன்னா என்னம்மா செய்வே?"

"சந்துக்குத்தான் போகணும். வீட்டுல நாலு பிள்ளைங்க இருக்கே."

ஹெஷ்மத் பின்னறைக்குப் போனார். ஆறு பாட்டில், ஆறு கழுத்து, ஆறு முறை பத்தியம். மறுநாள் பதினாலு பேர்.

'வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டானா இந்த மனுஷன்! ஒரு பிள்ளைக்காகச் சொன்ன பொய், இப்போ தெரு முழுக்க நடக்குதே' என்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்து கண் கலங்கினார். வியாழக்கிழமை ஜாடிகள் காலி. காசினி நீர் வடிக்கும் வடிசாலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏழு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக்கும் இல்லையென்றால் அவர்கள் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடியல் தொழுகையை முடித்துவிட்டுக் கனத்த மனதோடு கடைக்கு வந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. கடை வாசலில் நான்கு பெரிய கேன்கள், வாய் வரை நிரம்பி, வரிசையாக நின்றன. ஒன்றின் கைப்பிடியில் சுருட்டிச் செருகிய காகிதம்.

'ஹாஜி, என் மகள் நலம். இருபத்திரண்டு வருஷம் வடிசாலையில் நின்ற மூக்கு என்னுடையது. இது என் வீட்டுக் கையிருப்பு, காசினி, முதல் வடிப்பு. பாட்டில் கழுத்தில் ஸ்பிரிட் தடவ மட்டும் மறந்துவிடாதீர்கள்.'