சாக்பீஸ் கோடு

“யாரைக் கேட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களை ஓடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

தாளாளர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பூகோள டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற ஓடைதானே சார். இப்ப கணுக்கால் அளவு தண்ணிகூட இல்ல. ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டுத்தான்...”

“ஏன், பூகோளம் புத்தகத்துல இல்லையா?”

“இருக்கு சார். வெள்ளச் சமவெளின்னு ரெண்டு வரி இருக்கு. அதைக் கண்ணால பாக்கட்டுமேன்னு...”

“பாத்தாங்களா?”

பார்த்தார்கள். ஓடைப் பாலத்துத் தூணில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறையைக் கண்டுபிடித்தது வகுப்பிலேயே பெரிய வாயாடி. “இவ்வளவு உயரம் தண்ணி வந்தா நம்ம ஸ்கூல்ல எதுவரைக்கும் டீச்சர் நிக்கும்?” என்று கேட்டதும் அவள்தான்.

கொத்தனார் ஒருவரிடம் மட்டம் பார்க்கிற டியூபை டீச்சர் இரவல் வாங்கினாள். தண்ணீர் நிரப்பிய டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கறையில் ஒரு முனை, பக்கத்து மரத்தில் ஒரு முனை. அங்கிருந்து வேலிக்கல். அப்புறம் மதில். இப்படியே மூன்று நாள் பிள்ளைகள் மட்டத்தை நகர்த்திக்கொண்டு வந்து, கீழ்த்தளத்து அறைகள் எல்லாவற்றிலும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிட்டார்கள். தாளாளர் இல்லாத நேரம் பார்த்து அவர் அறையையும் விடவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், அவர் காது உயரத்தில் அந்தக் கோடு இப்போதும் தெரிந்தது.

“நேத்து மட்டும் பன்னெண்டு பேரு போன் பண்ணிட்டாங்க. உங்க ஸ்கூல் முழுகிடுமான்னு கேக்கறாங்கம்மா! அட்மிஷன் நேரம் இது. உங்க வேலை நிரந்தரமாக இன்னும் எத்தனை மாசம் இருக்கு?”

“ரெண்டு மாசம் சார்.”

“வீட்டுல வேற யாரு சம்பாதிக்கறாங்க?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப சொல்றதைக் கேளுங்க. மட்டம் தப்பு, அது விளையாட்டுக்குப் போட்ட கோடுன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி இந்த மேசைமேல வைங்க. எல்லா ரூம்லயும் கோட்டை நீங்களே அழிங்க. சாயங்காலம் ஒரு கோடு இருக்கக் கூடாது.”

“மட்டம் தப்பில்ல சார். நானே ரெண்டு தடவை சரி பாத்தேன்.”

“சின்னப் பசங்க கிறுக்கினதை என்னை நம்பச் சொல்றீங்களா? நல்ல கூத்து!”

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

டீச்சர் எழுதினாள். ‘தப்பு’ என்ற இடம் வந்தபோது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வாளியும் ஈரத்துணியுமாக அறை அறையாகப் போனாள்.

ஏழாம் வகுப்பில் வாயாடி எழுந்து நின்றாள். “ஏன் டீச்சர் அழிக்கறீங்க? நாங்க தப்பாப் போட்டுட்டோமா?”

டீச்சர் திரும்பவில்லை. “உன் இடத்துல உக்காரு.”

அந்தப் பெண் உட்காரவில்லை. அழிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைசியாகத் தாளாளர் அறை பாக்கி. உள்ளே பியூனும் இரண்டு ஆட்களும் பீரோவை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?”

“ஐயா ரூம் மாடிக்குப் போகுது டீச்சர். மழைக்கு முன்னால மாத்திடணுமாம்.” பியூன் மூச்சு வாங்கினார். “காலையில வந்ததும் அந்தக் கோட்டுப் பக்கத்துல போய் நின்னாரு. அது தன் நெஞ்சுல எங்க வருதுன்னு கையை வெச்சுப் பாத்தாரு. உடனே ஆளைக் கூப்பிடுன்னுட்டாரு.”

“மாடியில ஏது காலி ரூம்? எல்.கே.ஜி. தானே இருக்கு?”

“அவங்களைத்தான் கீழ இந்த ரூமுக்குக் கொண்டு வர்றோம். பாவம், பிஞ்சுக் குழந்தைங்க படியேறிக் கஷ்டப்பட வேண்டாம்னு சொன்னாரு. எவ்வளவு நல்ல மனசு பாருங்க டீச்சர்!”

மேசையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். அதற்குள் டீச்சர் அதன்மேல் இருந்த தன் கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.