சுருதி பிசகாத ரயில்

“மாத்தறைக்குப் போன ரயிலை என்ர பாட்டில பாட வைச்சனான் பிள்ளை. அதுவும் சுருதி பிசகாமல்!”

பேர்னாட் இதைச் சொன்னபோது வெள்ளவத்தை பிளாட்டின் மின்விசிறிகூடத் திகைத்து ஒரு கணம் நின்றுதான் சுழன்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார் மனுசன். அவர் வாழ்க்கையில் பாடிய ஒரே பாட்டு, மேசைமேல் மூன்று புது இசைத்தட்டுகளாகக் கிடந்தது. மூன்றும் பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடும் வெளிநாட்டுக் கம்பனிகளின் கைவண்ணம்.

நாலாவதாக வெளியிட வந்திருந்தவள் தனுஷியா. சொந்தமாக ஒரு சின்ன ரெக்கோட் கம்பனி தொடங்கி, முதல் தட்டே இதுதான் என்று லப்டொப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“லண்டன்காரன்ர வேலையைப் பாரும். அட்டையில ஒரு யானை, ஒரு தென்னை, நடுவில ஒரு மீசைக்காரன். அந்த மீசை ஆரின்ர எண்டு எனக்கே தெரியாது!”

“ஜேர்மன்காரர் நல்லாச் செய்வினமே, அங்கிள்?”

“கிழிச்சான்! பாட்டைச் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சு, பிழிஞ்சு, கொடியில காயப் போட்டிட்டான். இரைச்சலை எடுக்கிறன் எண்டு என்ர மூச்சையும் எடுத்திட்டான். செத்தவன் பாடுற மாதிரிக் கிடக்கு. சென்னைக்காரன் எக்கோ போட்டு என்னைக் கிணத்துக்குள்ள இறக்கி, கயிறையும் அறுத்து விட்டிட்டான்.”

அதையெல்லாம்கூட அவர் மன்னித்திருப்பார். அசல் தட்டில், கடைசி வரி அடங்குகிற இடத்தில் ஒரு ரயில் ஹோன் எழும்பும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் சிரிப்பு. மூன்று பேருமே அந்த இடத்தை நறுக்கி எறிந்திருந்தார்கள். லண்டன்காரன் அட்டையின் பின்பக்கத்தில் காரணமும் அச்சடித்திருந்தான்: ‘ஹோன் போலி. பிறகு ஒட்டப்பட்டது.’

“என்னைக் கள்ளன் எண்டு உலகம் முழுக்க அச்சடிச்சு வித்திருக்கிறான்! பிள்ளை, அண்டைக்கு எங்கட கடற்கரை ஒழுங்கை வீட்டு முன்னறையிலதான் மைக் வைச்சனாங்கள். யன்னலுக்கு வெளியில தண்டவாளம். நான் கடைசி வரியை இழுக்கிறன், ரயில் வந்து அப்பிடியே ஏந்திக்கொண்டு போகுது. என்ர குரலில மயங்கித்தான் ட்ரைவர் அடிச்சவன். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில யானையள் திருப்பிப் பிளிறினதாம்!”

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த செபமாலை ‘க்கும்’ என்றார். பேர்னாட்டின் தங்கை மெற்றில்டாவின் புருசன். ரயில்வேயிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர்.

“விடுகிறதுக்கும் ஒரு அளவு வேணும் மச்சான். அந்த இடத்தில றோட்டுக் கடவைக் கேற் இல்லை, வளைவில்லை, ஸ்டேசனும் இல்லை. சும்மா ஹோன் அடிச்சா மேலிடத்துக்குப் பதில் சொல்லோணும். எந்த விசரன் அடிப்பான்?”

தனுஷியாவின் முகம் வாடியது. “ரயில்வேக்காரரே இப்பிடிச் சொன்னா நானும் வெட்டத்தானே வேணும், அங்கிள்? ஒட்டினதை அசல் எண்டு வித்தா முதல் தட்டோடயே என்ர கம்பனி நாறிப்போகும். பின்னேரம் தட்டு அடிக்கிற பிரஸ்சுக்கு அனுப்போணும். கண்ணால பார்த்த ஆராவது இருக்கினமா?”

“ஏன் இல்லை? அந்தச் சிரிப்பே இவள் மெற்றில்டாதான். எவ்வளவு நல்லாப் போன பாட்டு! ரயில் கத்தினா இவளுக்கென்ன சிரிப்பு? அடியே, சொல்லன்!”

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றது. “எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அண்ணை.”

“பாத்தீரே? அண்டைக்கும் இப்பிடித்தான், ஒண்டும் தெரியாத பெட்டை. மாப்பிள்ளைகூட நான்தான் பார்த்தனான். பாட்டு வந்து மூண்டு வருசத்துக்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில இவரைக் கண்டு, கதைச்சு, கட்டி வைச்சனான். கலியாண நாளண்டுதான் ரெண்டு பேரும் முகமே பார்த்தவை!”

செபமாலையின் பேப்பர் மெல்ல உயர்ந்து அவர் முகத்தை மூடியது.

“கடைசியா ஒருக்கா கேட்டுப் பாப்பம்” என்று தனுஷியா அசல் தட்டிலிருந்து எடுத்திருந்த பதிவை ஓட விட்டாள். கீறல், கரகரப்பு, நடுவே இளம் பேர்னாட்டின் குரல். கடைசி வரியில் ஹோன் எழும்பியது: ஒன்று நீளம், இரண்டு குட்டை. பின்னால் அந்தச் சிரிப்பு.

பதிவு முடிந்த பிறகும் சிரிப்பு மட்டும் ஓயவில்லை. அது குசினிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

தனுஷியாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. “சொறி அங்கிள், ஹோனையும் சிரிப்பையும் வெட்டிறன்” என்று விரலைக் கொண்டுபோனாள்.

“பிள்ளை, வெட்டாத!”

பேப்பர் கீழே விழுந்திருந்தது. செபமாலை எழுந்து நின்றார். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“அடிச்சது நான்தான் மச்சான்... ஆனா உம்மட பாட்டுக்கில்லை.”